துடைப்பம் பிடிப்பவருக்கே முதல் வகுப்பு: விலங்குக் காப்பக ஊழியர் பயிற்சி, நான்கு வழிகள்

கைவிடப்பட்ட நாய், பூனைகளை வைத்துப் பராமரிக்கும் விலங்குக் காப்பகங்களில் பயிற்சிக்கென்று தனியாகப் பணம் கிடைப்பது அபூர்வம். கிடைத்துவிட்டால் அது எங்கே போகும் என்பதில் மட்டும் பெரிய வித்தியாசம் இருக்காது. மேலாளர் ஒரு மாநாட்டுக்குப் போவார், அல்லது மருத்துவர் ஒரு சான்றிதழ் படிப்பில் சேருவார். கூண்டு கழுவுபவருக்கு? முதல் நாள் காலையில் ஒரு வாளியையும் துடைப்பத்தையும் கையில் கொடுத்து, "அண்ணன் செய்யறதைப் பார்த்துக்கோ" என்று சொல்லிவிடுவார்கள். அவருடைய பயிற்சி அத்தோடு முடிந்தது.

ஒரு காப்பகத்துக்கு முன்னால் இருக்கும் வழிகள் சுமாராக நான்கு. பழைய ஊழியரோடு நிற்கவைத்துப் பழக்குவது, இணையவழிப் பாடங்கள், பட்டறைக்கோ வேறொரு காப்பகத்துக்கோ ஆளை அனுப்பி நேரில் கற்கவைப்பது, கடைசியாக சான்றிதழ், பட்டம் என்று நீளும் முறையான படிப்பு. இவற்றில் எது நல்லது என்று மொட்டையாகக் கேட்டால் பதில் கிடைக்காது. யாருக்கு, எந்த வேலைக்கு என்று சேர்த்துக் கேட்டால் கிடைக்கும். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஒரு நாளில் அதிக விலங்குகளை எவர் தொடுகிறாரோ அவரிடமிருந்து தொடங்க வேண்டும். மேலாளரின் படிப்பும் தேவைதான், ஆனால் அது அடுத்த வரிசை.

ஒரு வாளி போகும் வழி

ஏன் அவரிடமிருந்து? காலை நேரச் சுத்தம் செய்யும் வேலையைக் கொஞ்சம் கிட்டத்தில் நின்று பார்த்தால் புரியும். ஊழியர் வாளியில் தண்ணீர் பிடிக்கிறார். மூடியால் குத்துமதிப்பாகக் கிருமிநாசினி ஊற்றுகிறார். வாசலுக்கு அருகில் இருக்கும் கூண்டிலிருந்து வரிசையாகத் துடைத்துக்கொண்டு போகிறார். மூன்றாவது கூண்டில் நேற்று வந்த நாய்க்குட்டி, அதற்கு வயிற்றுப்போக்கு. துடைப்பம் அதே வாளியில் முங்கி எழுந்து நான்காவது கூண்டுக்குள் போகிறது. தரை பளிச்சென்று இருக்கிறது, வாசனையும் நன்றாக இருக்கிறது. வந்து பார்க்கிற யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

அந்தக் குட்டிக்கு இருந்தது பார்வோ என்ற, குட்டிகளைக் கொல்லும் தொற்றுநோய் என்றால், ஊழியர் தன் கையாலேயே அதை வரிசை முழுக்கக் கொண்டு சேர்த்துவிட்டார். பார்வோ வைரஸுக்குக் கொழுப்பு உறை கிடையாது. அதனால் காப்பகங்களில் பரவலாகப் புழங்கும் குவாட்டர்னரி அமோனியம் வகைக் கிருமிநாசினிகளை நம்பி அதை அழிக்க முடியாது. வீட்டு உபயோகப் பிளீச் திரவத்தை 1 பங்குக்கு 32 பங்கு தண்ணீர் என்று கலந்து, தரை 10 நிமிடம் ஈரமாகவே இருக்கும்படி விட வேண்டும். அல்லது முடுக்கப்பட்ட ஹைட்ரஜன் பெராக்சைடு வகைக் கிருமிநாசினி வேண்டும். அதற்கும் முன்னால் மலத்தையும் அழுக்கையும் சோப்புப் போட்டுக் கழுவி எடுத்திருக்க வேண்டும். அழுக்கின் மேல் ஊற்றிய பிளீச் தன் வீரியத்தை அழுக்கிலேயே செலவழித்துவிடும். நேற்றுக் கலந்து மூடாமல் வைத்த கலவையை இன்றைக்கு எடுத்து ஊற்றுவதும் வீண்.

வரிசையும் முக்கியம். ஆரோக்கியமான குட்டிகள் முதலில், பிறகு ஆரோக்கியமான பெரியவை, அப்புறம் தனிமைப்படுத்திக் கண்காணிப்பில் இருப்பவை, நோயுற்றவை கடைசியில். துடைப்பமும் காலணியும் பகுதிக்குப் பகுதி தனித்தனி.

பூனைப் பகுதிக்கு வந்தால் பாடம் தலைகீழ். அங்கே அதிகமாகச் சுத்தம் செய்வதே சிக்கலாகிவிடும். பூனைகளில் பல ஹெர்பிஸ் வைரஸை உடம்பில் உறங்கவைத்துக்கொண்டே திரிபவை. பயமும் பதற்றமும் வந்தால் அது விழித்துக்கொள்ளும்; தும்மல், கண்ணில் நீர், பிறகு பக்கத்துக் கூண்டுக்கும் பரவும். தினமும் பூனையைத் தூக்கி வெளியே வைத்து, கூண்டைத் தேய்த்துக் கழுவி, புது வாசனையோடு திரும்ப உள்ளே விடுவது அந்தப் பதற்றத்துக்கு நேர்வழி. அதே பூனை அதே கூண்டில் இருக்கும்வரை, அதை உள்ளேயே விட்டுவிட்டு, அழுக்கான இடத்தை மட்டும் துடைத்து, மணல் தட்டை மாற்றினால் போதும். ஒளிந்துகொள்ள ஓர் அட்டைப்பெட்டி வைத்தால் இன்னும் நல்லது. நெதர்லாந்தில் ஒரு காப்பகத்தில் நடந்து 2014இல் வெளியான ஆய்வில், பெட்டி கிடைத்த பூனைகள் கிடைக்காதவற்றைவிடச் சீக்கிரமாகப் புது இடத்துக்குப் பழகின.

இவை எதற்கும் பட்டப்படிப்பு தேவையில்லை. ஆனால் யாராவது சொல்லிக்கொடுக்காமல் யாருக்கும் தானாக வராது. எந்தப் பயிற்சி வழியை எடைபோடும்போதும் நான் கேட்கும் கேள்வி இதுதான்: இதைக் கற்றபின் நாளைக் காலையில் அந்த வாளி எப்படிப் போகும்?

பக்கத்தில் நின்று பழகுவது

உலகம் முழுக்கக் காப்பக ஊழியர்களில் பெரும்பாலோர் கற்றது இப்படித்தான். இதன் பலத்தைக் குறைத்துச் சொல்லக் கூடாது. மிரண்ட நாயின் கூண்டுக்குள் பக்கவாட்டில் திரும்பி நுழைவது, அதன் கண்ணை நேராகப் பார்க்காமல் குந்தி உட்காருவது, கழுத்துப்பட்டையை எந்த நொடியில் மாட்டுவது, எந்த நொடியில் "இன்றைக்கு வேண்டாம்" என்று கதவைச் சாத்திவிட்டு வருவது – இதையெல்லாம் பத்து வருடம் அந்த வேலை பார்த்தவர் அருகில் நின்றுதான் கற்க முடியும். செலவும் இல்லை, வேலையும் நிற்காது.

பலவீனம், அனுபவத்தோடு சேர்ந்து தவறும் கைமாறுவது. மூத்தவர் தன் மூத்தவரிடம் கற்றதை இளையவருக்குக் கொடுப்பார், இடையில் யாரும் சரிபார்க்க மாட்டார்கள். இதற்கு ஓர் உதாரணம் உண்டு. சாப்பிடும் நாயின் தட்டருகே ஒரு குச்சியின் முனையில் மாட்டிய ரப்பர் கையை நீட்டி, உறுமுகிறதா கடிக்கிறதா என்று பார்க்கும் சோதனை பல காப்பகங்களில் வழக்கமாக இருந்தது. கடித்தால் தத்துக்குத் தகுதியில்லை என்று முடிவு. பல இடங்களில் அது உயிரையே எடுக்கும் முடிவு. 2012இல் ஏ.எஸ்.பி.சி.ஏ. என்ற அமெரிக்க விலங்கு நல அமைப்பின் ஆய்வாளர்கள், சோதனையில் அப்படி நடந்துகொண்ட நாய்களைத் தக்க அறிவுரையோடு வீடுகளுக்குக் கொடுத்துப் பின்தொடர்ந்தார்கள். வீட்டில் அந்தக் குணத்தைக் காட்டியவை மிகச் சில. 2016இல் கேரி பேட்ரனெக், ஜேனிஸ் பிராட்லி என்ற ஆய்வாளர்கள் இருவரும் கணக்குப் போட்டு, இத்தகைய குணச் சோதனைகளின் முடிவு நாணயம் சுண்டிப் பார்ப்பதைவிடப் பெரிதாக மேலில்லை என்று எழுதினார்கள். வெறும் பழக்கத்தில் மட்டும் பயிற்சி நடக்கும் காப்பகத்துக்கு இந்தச் செய்தி எந்த வாசல் வழியாக வந்து சேரும்?

ஆகவே இந்த வழியை எடுத்தால் அதற்கு ஒரு முதுகெலும்பு வேண்டும். கையில் கிடைப்பதில் சிறந்தது, காப்பகக் கால்நடை மருத்துவர் சங்கம் வெளியிட்டிருக்கும் பராமரிப்புத் தர வழிகாட்டி. 2010இல் முதலில் வந்தது, 2022இல் இரண்டாம் பதிப்பு. இணையத்தில் இலவசம். அதில் எனக்குப் பிடித்தது அதன் தர வரிசை: எதை ஏற்கவே முடியாது, எதைக் கட்டாயம் செய்ய வேண்டும், எதைச் செய்வது நல்லது, எது லட்சிய நிலை என்று ஒவ்வொன்றையும் பிரித்துச் சொல்லும். விலங்கு உள்ளே இருக்கும்போதே கூண்டுக்குள் குழாயால் தண்ணீர் அடிப்பது ஏற்கவே முடியாதது என்று அதில் இருக்கிறது. இந்த ஒரு வரியை எடுத்துக்கொண்டு தன் காப்பகத்தின் காலை வேலையைப் பார்க்கிறவருக்கு அங்கேயே ஒரு வகுப்புக்கான விஷயம் கிடைத்துவிடும். முழு வழிகாட்டியையும் எல்லோரும் படிக்க வேண்டியதில்லை. ஒருவர் படித்து, வாரம் ஒரு பக்கமாகத் தமிழில் எடுத்து எழுதி, அந்தந்தப் பகுதியின் சுவரில் ஒட்டினால் போதும்.

இன்னொன்று. சொல்லிக்கொடுப்பவர் யார் என்று தீர்மானித்து, அந்த நேரத்துக்கு அவர் வேலையைக் குறைத்துக் கொடுக்க வேண்டும். தன் கூண்டுகளையும் முடித்துக்கொண்டு புதியவருக்கும் கற்றுக்கொடு என்றால் அவர் என்ன செய்வார்? வேலையை ஓட்டமாக முடிப்பார். புதியவர் கற்பது அந்த ஓட்டத்தை.

திரையில் கற்பது

இணையத்தில் இந்தத் துறைக்கு இருக்கும் இலவசப் பாடங்கள் வியக்கத்தக்க அளவு. ஃபியர் ஃப்ரீ அமைப்பின் காப்பகப் பாடத்திட்டம், காப்பக ஊழியர்களுக்கும் தன்னார்வலர்களுக்கும் கட்டணமின்றிக் கிடைக்கிறது. விலங்கின் பயத்தை உடல்மொழியில் படிப்பது, விலங்கு பயப்படாதபடி அதைக் கையாளுவது இவைதான் அதன் மையம். மேடீஸ் ஃபண்ட் என்ற அமெரிக்க அறக்கட்டளை தன் பெயரிலேயே ஓர் இணையப் பல்கலை நடத்துகிறது. ஏ.எஸ்.பி.சி.ஏ. தொழில்முறை ஊழியர்களுக்கென்றே தனித் தளம் வைத்து வெபினார்களைக் குவித்துவைத்திருக்கிறது. விலங்கு நலம் என்ற துறையின் அடிப்படையைக் கொஞ்சம் ஆழமாகப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு, எடின்பரோ பல்கலைக்கழகம் கோர்செரா என்ற இணையப் பாடத் தளத்தில் நடத்தும் விலங்கு நடத்தை, நலம் பற்றிய பாடம் இருக்கிறது. 1965இல் பிரிட்டனில் பிராம்பெல் குழு பண்ணை விலங்குகளைப் பற்றிக் கொடுத்த அறிக்கையிலிருந்து ஐந்து சுதந்திரங்கள் (பசி, வலி, பயம் முதலியவற்றிலிருந்து விலங்குக்கு விடுதலை) என்ற கருத்து எப்படி வளர்ந்தது, அதிலிருந்து டேவிட் மெல்லர் முதலியோர் 1994இல் விலங்கின் மனநிலையையும் சேர்த்துப் பார்க்கும் ஐந்து களங்கள் என்று ஏன் நகர்ந்தார்கள் என்பதெல்லாம் தெரிந்தால், 'சோறு போட்டாச்சு, தண்ணி வெச்சாச்சு' என்பதைத் தாண்டி யோசிக்க முடியும்.

குறைகளும் வெளிப்படையானவை. பெரும்பாலான பாடங்கள் ஆங்கிலத்தில். எடுத்துக்காட்டில் வரும் கட்டடங்களும் மருந்துகளும் சட்டங்களும் பெரும்பாலும் அமெரிக்காவினுடையவை. முக்கியமாக, திரையைப் பார்த்து ஒருவருக்குப் பூனையின் காது மடங்குவதன் அர்த்தம் தெரிந்துவிடலாம். சீறும் பூனையைத் துண்டால் சுற்றி எடுக்கக் கை வராது. பாடம் முடிந்ததும் வரும் சான்றிதழ், பார்த்து முடித்தார் என்பதற்கான சாட்சி. அதற்கு மேல் அதை நம்பக் கூடாது. அலுவலகச் சுவர் நிறைய இப்படிப்பட்ட சான்றிதழ்களைச் சட்டமிட்டு மாட்டிய காப்பகங்களில் பூனை மணல் தட்டைச் சாப்பாட்டுக் கிண்ணத்துக்கு ஒட்டியே வைத்திருப்பதைப் பார்க்கலாம்.

இந்த வழி உண்மையாகவே பலன் தருவது ஒரு சூழ்நிலையில்: தனியாகப் பார்க்காமல் சேர்ந்து பார்க்கும்போது. ஆங்கிலம் தெரிந்த ஒருவர் முன்பே பார்த்துவைத்து, 10 நிமிடத் துண்டு ஒன்றை மட்டும் எல்லோருக்கும் போட்டு, நிறுத்தி நிறுத்தி விளக்கி, உடனே எல்லோரும் எழுந்து கூண்டுப் பகுதிக்குப் போய் அதைச் செய்து பார்ப்பது. நாய்கள் குரைக்கும் வரிசையில், யார் கடந்து போனாலும் அமைதியாக ஒவ்வொரு கூண்டிலும் ஒரு தீனித் துண்டைப் போட்டுவிட்டுப் போவது என்ற எளிய பயிற்சியை இப்படி ஒரே மதியத்தில் எல்லோருக்கும் கொண்டுவர முடியும். குரைத்தாலும் போட வேண்டும் என்பதைத்தான் யாரும் முதலில் ஏற்க மாட்டார்கள். 'கெட்ட பழக்கத்துக்குப் பரிசா?' என்பார்கள். ஆள் வந்தால் நல்லது நடக்கும் என்று நாய்க்குப் பதிந்துவிட்டால் குரைப்பதற்கான காரணமே குறைகிறது என்பதை வாயால் விளக்குவது கடினம். சில நாள் செய்துபார்க்கச் சொல்வது சுலபம்.

நேரில் போய்க் கற்பது

இரண்டு, மூன்று நாள் பட்டறைகள், நன்றாக நடக்கும் வேறொரு காப்பகத்தில் சில நாள் வேலை பார்த்துவிட்டு வருவது, வெளியிலிருந்து ஒரு நிபுணரைத் தன் காப்பகத்துக்கே வரவழைப்பது – இவை மூன்றும் இந்த வகை. நாய்களைக் கூட்டமாக விளையாடவிடுவது போன்ற வேலைகளுக்கு எனக்குத் தெரிந்து வேறு வழி இல்லை. ஏமி சாட்லர் தொடங்கிய டாக்ஸ் பிளேயிங் ஃபார் லைஃப் அமைப்பு, காப்பகங்களுக்கே ஆள் அனுப்பி இதைச் சொல்லிக்கொடுக்கிறது. எந்த நாயை முதலில் விடுவது, சண்டை மூளுவதற்கு அரை நொடி முன்பு உடம்பு எப்படி விறைக்கும், எப்போது தலையிடாமல் இருப்பது என்பதையெல்லாம் எழுத்தில் படித்துவிட்டு முயன்றால் காயம் நிச்சயம்.

நான்கு வழிகளில் மிக வேகமாக ஆளை மாற்றுவது இதுதான். அதே சமயம் மிக வேகமாக மறைந்துபோவதும் இதுதான். பட்டறையிலிருந்து உற்சாகமாகத் திரும்பியவர் தன் இடத்தில் தனி ஆள். அவர் செய்யும் புது முறையைப் பார்த்து மற்றவர்கள், "படிச்சிட்டு வந்துட்டாருப்பா" என்று சிரிப்பார்கள். ஒரு மாதம் தாங்குவார். அப்புறம் பழைய வாளி, பழைய வரிசை. ஆகவே ஒருவரை அனுப்பும் காசில் இருவரை அருகிலுள்ள இடத்துக்கு அனுப்ப முடிந்தால் அதையே செய்யுங்கள். ஒருவர் மேற்பார்வையாளர், இன்னொருவர் தினமும் கூண்டில் வேலை பார்ப்பவர் என்று இருந்தால் இன்னும் சிறப்பு. இருவரும் ஒன்றைப் பார்த்துவிட்டு வந்தால் மறுநாள் அதைப் பற்றிப் பேச ஆள் இருக்கும்.

ஆளை வரவழைப்பது இன்னும் நல்லது என்பது என் கணிப்பு. பயிற்சி உங்கள் கூண்டில், உங்கள் தண்ணீர்க் குழாயில், உங்கள் நாய்களோடு நடக்கும். வந்தவர் கவனிக்கும் முதல் விஷயம் பெரும்பாலும் யாரும் கேட்காத ஒன்றாக இருக்கும்: நோய்ப் பகுதிக்கும் குட்டிகள் பகுதிக்கும் ஒரே கதவு, தடுப்பூசி குளிர்பெட்டியின் கதவுப்பக்கத் தட்டில், அல்லது வந்து இறங்கும் விலங்குக்குத் தடுப்பூசி மறுநாள் போடுவது என்ற பழைய வழக்கம். காப்பகத்துக்குள் நுழையும்போதே போட வேண்டும், குட்டிகளுக்கு 4 வாரத்திலிருந்தே தொடங்கி 2 வாரத்துக்கு ஒருமுறை போட வேண்டும் என்பது காப்பக மருத்துவத்தின் அடிப்படை. வீட்டு நாய்க்கான அட்டவணையை இங்கே வைத்துக்கொண்டிருப்பவர்கள் நிறைய.

முறையான படிப்பு

காப்பக மருத்துவம் தனித்துறையாக வளர்ந்தது சமீபத்தில்தான். 1999இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் லீலா மில்லர் முதல் பாடத்தை நடத்தினார். கலிஃபோர்னியாவில் டேவிஸ் பல்கலைக்கழகம் இதற்கென்று சிறப்புப் பயிற்சி தொடங்கியது. 2014இல் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்ற சிறப்புத் துறையானது. இன்றைக்கு ஃப்ளோரிடா பல்கலைக்கழகம் இணையவழியிலேயே முதுநிலைச் சான்றிதழும் முதுகலைப் பட்டமும் தருகிறது. மருத்துவராக இருப்பவருக்கு இது வீண் போகாது. கல்லூரியில் கற்ற மருத்துவம் பெரும்பாலும் ஒரு விலங்கு, ஒரு உரிமையாளர் என்று அமைந்தது. காப்பகத்தில் நோயாளி என்பது ஒரு கூட்டம். ஒரு பூனையின் தும்மலுக்கு மருந்து எழுதும்போதே மீதிப் பூனைகளை எங்கே வைப்பது என்று யோசிக்க வேண்டியிருக்கிறது.

மேலாளருக்கு வேறு படிப்பு. விலங்கு நல முன்னேற்றச் சங்கம் நடத்தும் நிர்வாகிகளுக்கான சான்றிதழ்த் தேர்வு ஒன்று உண்டு, சி.ஏ.டபிள்யூ.ஏ. என்பார்கள். பொறுப்பில் இருந்து வேலை பார்த்த அனுபவம் இருந்தால்தான் எழுத முடியும், பெற்றபின்னும் தொடர்ந்து படித்துப் புதுப்பிக்க வேண்டும். நிதி, ஆள் மேலாண்மை, மக்கள் தொடர்பு, விலங்குப் பராமரிப்பு எல்லாம் அதில் வரும்.

மேலாளருக்குப் படிப்பு எதற்கு, நல்ல மனசும் உழைப்பும் போதாதா என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு காட்டுகிறேன். ஒரு காப்பகத்துக்கு நாளைக்கு 4 நாய் வருகிறது, ஒவ்வொன்றும் சராசரியாக 15 நாள் தங்குகிறது என்றால் எந்த நாளிலும் உள்ளே 60 நாய் இருக்கும். தங்கும் நாளை 10 ஆக்கினால் 40. வரவைக் குறைக்கவில்லை, புதுக் கூண்டு கட்டவில்லை, ஒரு நாயையும் திருப்பி அனுப்பவில்லை. காப்பகப் பராமரிப்பில் நெடுங்காலமாகச் சொல்லப்படும் குறைந்தபட்ச அளவுகோல், ஒரு விலங்குக்கு நாளொன்றுக்கு 15 நிமிடம்: சுத்தத்துக்கு 9, உணவுக்கு 6. 60 நாய்க்கு அது 15 மணி நேர வேலை, 40 நாய்க்கு 10 மணி நேரம். மிச்சமான 5 மணி நேரத்தில் நாய்களை நடத்திக்கொண்டுபோகலாம், பயந்தவற்றோடு உட்காரலாம்.

அந்த 5 நாளை எங்கே பிடிப்பது? பெரும்பாலும் காத்திருப்பில். கருத்தடைக்கு மூன்று நாள் வரிசை, தத்துக்குப் படம் எடுக்க ஒரு நாள், ஒரு கையெழுத்துக்கு ஒரு நாள். தினமும் ஒருமுறை எல்லாக் கூண்டையும் சுற்றிவந்து, ஒவ்வொரு விலங்குக்கும் 'அடுத்து என்ன, யார், எப்போது' என்று கேட்கும் வழக்கத்தை மேலாளர் கொண்டுவந்தால் காத்திருப்பு கரையும். கேட் ஹர்லி, ஜூலி லெவி என்ற கால்நடை மருத்துவர்கள் இருவரும் காப்பகப் பூனைகளைக் காப்பாற்ற 2014இல் தொடங்கிய பத்து லட்சம் பூனைகள் இயக்கம் வைத்த ஐந்து யோசனைகளில் ஒன்று, கவனித்துக்கொள்ளும் திறனுக்கு ஏற்ற எண்ணிக்கையில் விலங்குகளை வைத்திருப்பது. இதை ஒரு மேலாளர் நன்றாகக் கற்றுக்கொண்டால் அவர் படித்த செலவு அந்த வருடமே திரும்பிவிடும்.

அப்படியானால் ஏன் இரண்டாவது வரிசை? நாய் பத்தே நாளில் வெளியே போனாலும் முதல் நாளிலேயே வாளி வழியாகப் பார்வோ வாங்கிக்கொண்டால் கணக்கு எல்லாம் பாழ். அதோடு நடைமுறைச் சிக்கல் ஒன்றும் இருக்கிறது: பெரிய சான்றிதழ் வாங்கியவருக்குப் பெரிய இடத்திலிருந்து அழைப்பு வரும், போய்விடுவார். அதில் தப்பில்லை, துறைக்கு நல்லதுதான். ஆனால் பயிற்சிப் பணம் முழுவதையும் ஒரே ஆள்மேல் வைத்த சிறு காப்பகத்துக்குக் கையில் எதுவும் மிஞ்சாது.

இன்னும் வேலைக்கே சேராத இளைஞர்கள், 'விலங்கு நலத்தில் பட்டம் படிக்கலாமா' என்று கேட்பதுண்டு. கொஞ்ச காலமாவது ஒரு காப்பகத்தில் கூண்டு கழுவிவிட்டு வந்து கேளுங்கள் என்பேன். விலங்குகளைப் பிடிக்கும் என்பதும் இந்த வேலை பிடிக்கும் என்பதும் ஒன்றில்லை.

எந்த வழியிலும் தள்ளிப்போடக் கூடாதவை

பாதுகாப்புப் பாடம் முதல் நாள், முதல் மணி நேரத்தில். கடி பட்டால் உடனே காயத்தைச் சோப்பும் தண்ணீரும் விட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும், கழுவிவிட்டு நேரே மருத்துவரிடம் போக வேண்டும் என்பது ஒவ்வொருவருக்கும் தூக்கத்தில் கேட்டாலும் வர வேண்டும். பூனைக்கடியைச் சின்னப் புள்ளிதானே என்று விடுபவர்கள்தான் மறுநாள் வீங்கிய கையோடு வருவார்கள். வெறிநோய் உள்ள பகுதிகளில் ஊழியருக்கு முன்கூட்டியே தடுப்பூசி போட்டிருக்க வேண்டும். உலக சுகாதார அமைப்பு 2018இல் இதை 0, 7 ஆகிய நாட்களில் இரண்டு தவணையாகச் சுருக்கிவிட்டது, ஆகவே சாக்கு எதுவும் மிச்சமில்லை. தடுப்பூசி போடாதவரிடம் கயிற்றைக் கொடுக்காதீர்கள்.

கருணைக்கொலை நடக்கும் இடங்களில் அதைப் 'பார்த்துக் கற்பது' என்ற வழக்கமே இருக்கக் கூடாது. முறையான பயிற்சி பெற்றவர் மட்டும் செய்ய வேண்டும், சட்டம் யாரை அனுமதிக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். இதில் இணையப் பாடமோ பழைய அண்ணனோ போதாது.

மனச்சோர்வும் பயிற்சிக்குரிய விஷயமே. தினமும் கைவிடப்பட்ட விலங்குகளைப் பார்ப்பவர்களுக்கு வரும் இரக்கக் களைப்பை அளக்க, பெத் ஹட்னல் ஸ்டாம் உருவாக்கிய புரோக்வால் என்ற 30 கேள்வித் தாள் இலவசமாகக் கிடைக்கிறது. கடந்த 30 நாளில் எப்படி உணர்ந்தீர்கள் என்று கேட்கும். விடையை ஊழியர் தனக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். மேலாளர் அதை வாங்கிக் கோப்பில் வைக்க ஆரம்பித்தால் அடுத்த முறை யாரும் உண்மை எழுத மாட்டார்கள்.

சரி, எதை எடுப்பது?

ஐந்தாறு பேர் வேலை பார்க்கும் சிறு காப்பகம் என்றால்: பழைய ஊழியரில் பொறுமையானவர் ஒருவரைப் பயிற்றுநராக்குங்கள். மிகத் திறமையானவரைத் தேட வேண்டாம், திறமைசாலிகளில் பலருக்குத் தாங்கள் எப்படிச் செய்கிறோம் என்று சொல்லத் தெரியாது. அவருக்கு வாரத்தில் ஒரு வேளை விடுவியுங்கள். காப்பகக் கால்நடை மருத்துவர் சங்கத்தின் வழிகாட்டியிலிருந்து சுத்தம், நோய்ப் பகுதி, கையாளுதல் மூன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஃபியர் ஃப்ரீ பாடத்தைச் சேர்ந்து பாருங்கள். கொஞ்சம் பணம் இருந்தால் ஒரு நிபுணரை ஒரு நாள் வரவழையுங்கள். பட்டப்படிப்பை இப்போதைக்கு மறந்துவிடலாம்.

முப்பது, நாற்பது பேர் இருக்கும் இடத்தில் நிலைமை வேறு. அங்கே மேற்பார்வையாளர்களே பயிற்சியின் கழுத்து; அவர்களுக்குத் தெரியாத எதுவும் கீழே இறங்காது. இரண்டிரண்டு பேராக அவர்களை வெளியே அனுப்புங்கள். மருத்துவர் நிலையாக இருப்பார் என்று தெரிந்தால் காப்பக மருத்துவச் சான்றிதழுக்கு உதவலாம். தங்கும் நாட்கள் ஏறிக்கொண்டே போகிறது, கூண்டு போதவில்லை என்ற குரல் தினமும் கேட்கிறது என்றால் மட்டும் மேலாளரின் படிப்பை வரிசையில் முன்னால் கொண்டுவாருங்கள்.

தன்னார்வலர்களை வைத்தே ஓடும் இடங்களுக்கு ஒரே ஒரு திருத்தம்: ஆள் அடிக்கடி மாறுவதால் நீண்ட பாடம் எதுவும் நிற்காது. ஒரு வேலைக்கு ஒரு சிறு பயிற்சி, அதைச் செய்துகாட்டியபின் அந்த வேலைக்கு மட்டும் அனுமதி. நாய் நடத்தக் கற்றவர் பூனைப் பகுதிக்குப் போகக் கூடாது.

பணம் கட்டுவதற்கு முன் பயிற்சி தருபவரிடம் கேட்க வேண்டியவை சில. செய்துபார்க்கும் நேரம் எவ்வளவு, பேச்சு எவ்வளவு? சொல்லித் தருபவர் கடைசியாகக் காப்பகத்தில் வேலை பார்த்தது எப்போது? நாயை 'அடக்குவது', 'தலைவன் யார் என்று காட்டுவது' என்ற பேச்சு வந்தால் எழுந்து வந்துவிடுங்கள். முடிந்தபின் ஒரு மாதம் கழித்துத் திரும்ப வந்து பார்ப்பார்களா?

பார்க்க மாட்டார்கள் என்றால் நீங்களே பாருங்கள். 1959இல் டொனால்ட் கர்க்பேட்ரிக் என்பவர் பயிற்சியை நான்கு படியில் அளக்கச் சொன்னார்: பிடித்ததா, கற்றார்களா, வேலையில் மாறினார்களா, பலன் வந்ததா. முதல் இரண்டுக்குத்தான் எல்லோரும் படிவம் வைத்திருக்கிறார்கள். மூன்றாவதுக்குப் படிவம் வேண்டாம். முன்னறிவிப்பு இல்லாமல் ஒரு காலை போய், பிளீச் எதில் அளந்து ஊற்றுகிறார்கள், எந்தக் கூண்டில் தொடங்குகிறார்கள் என்று பார்த்தால் போதும். நான்காவதுக்குக் காப்பகத்திலேயே பதிவேடு இருக்கிறது: உள்ளே வந்தபின் நோய்வாய்ப்பட்டவை எத்தனை, ஊழியர்கள் பட்ட கடி எத்தனை, சராசரியாகத் தங்கிய நாள் எவ்வளவு. இந்த மூன்றையும் பயிற்சிக்கு முந்தைய மூன்று மாதத்துக்கு இப்போதே எடுத்து எழுதிவைத்துவிடுங்கள். பயிற்சி முடிந்தபின் தேடினால் யாரிடமும் பழைய எண் இருக்காது.